மஞ்சள் காமாலை பி ஊசி: மூன்றாவது டோஸ் 9 மாதம் தள்ளிப்போய்விட்டது, முதலிலிருந்து போட வேண்டுமா?

லேப்_மாணவன்

வணக்கம். வயது 21, மெடிக்கல் லேப் டெக்னாலஜி டிப்ளமோ முடிக்கப் போகிறேன். ஹெபடைடிஸ் பி ஊசி இரண்டு டோஸ் போட்டாயிற்று, இரண்டுக்கும் நடுவே சரியாக ஒரு மாதம். ஆறாவது மாதம் போட வேண்டிய மூன்றாவது விட்டுப்போய்விட்டது. இரண்டாவது போட்டு இப்போது 14 மாதம் ஆகிறது. அடுத்த மாதம் ரத்தம் எடுக்கும் பிரிவில் பயிற்சி தொடங்குகிறது.

ஒரு கிளினிக்கில் "கோர்ஸ் கெட்டுப்போச்சு, முதல்ல இருந்து மூணும் போடணும்" என்கிறார்கள். இன்னொரு இடத்தில் "ரெண்டே போதும், டைட்டர் (ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளின் அளவு) பாத்துக்கோங்க" என்கிறார்கள். எது சரி? முன்பு போட்ட கம்பெனி மருந்து இங்கே இப்போது கிடைக்கவில்லை, வேறு கம்பெனி போடலாமா? டைட்டர் எப்போது பார்ப்பது? போன முறை ஊசி போட்ட பிறகு இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை, அதற்கு என்ன செய்யலாம்?

தடுப்பூசி_செவிலி

தம்பி, அவர்கள் சொன்ன இரண்டுமே தவறு. மூன்றாவது டோஸ் ஒன்றை மட்டும் போடுங்கள், நாளைக்கே போடலாம். அதோடு கோர்ஸ் முடிந்தது.

0, 1, 6 மாதம் என்ற கணக்கில் இடைவெளி குறையத்தான் கூடாது, கூடினால் பாதகமில்லை. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே குறைந்தது 4 வாரம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே குறைந்தது 8 வாரம், முதலாவதிலிருந்து மூன்றாவது வரை குறைந்தது 16 வாரம் இருக்க வேண்டும். உங்களுக்கு இந்த மூன்றும் எப்போதோ தாண்டிவிட்டன. முதல் இரண்டு டோஸில் உருவான நினைவு செல்கள் உடம்பிலேயே இருக்கின்றன. மூன்றாவது போட்டதும் அவை பெருகி எதிர்ப்பொருளைக் கூட்டும். இடைவெளி நீண்டவர்களுக்குக் கடைசியில் டைட்டர் கூடுதலாகவே ஏறுவதுண்டு.

அதனால் தாமதம் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல உடல்நிலையில் உள்ள இளம் வயதினரில் முதல் டோஸுக்குப் பிறகு 100 பேரில் 30 முதல் 55 பேருக்குத்தான் பாதுகாப்பு வருகிறது. இரண்டாவதுக்குப் பிறகு சுமார் 75 பேருக்கு. மூன்றாவது போட்ட பிறகுதான் 90 பேரைத் தாண்டுகிறது. "ரெண்டே போதும்" என்று விட்டால் அந்த விடுபட்ட நான்கில் ஒருவராக நீங்கள் இருக்கலாம். ரத்தக் குழாயோடு வேலை செய்கிறவர் அந்தக் கணக்கில் நிற்கக் கூடாது. பயிற்சி தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கம்பெனி மாறலாம். ஷான்வாக் பி, ஜீன்வாக் பி, எஞ்செரிக்ஸ் பி எதுவானாலும் உள்ளே இருப்பது ஈஸ்டில் வளர்த்த, வைரஸின் அதே மேற்புறப் புரதம்தான். முதல் இரண்டு ஒன்று, மூன்றாவது இன்னொன்று என்றாலும் கோர்ஸ் செல்லும். பார்க்க வேண்டியது அளவை. உங்கள் வயதுக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 1 மில்லி. குழந்தைகளுக்கான 10 மைக்ரோகிராம், 0.5 மில்லி குப்பியைத் தவறிப் போட்டால் அந்த டோஸ் கணக்கில் சேராது.

போடும் இடம் மேல்கை, தோளுக்குக் கீழே உள்ள டெல்டாய்டு தசை. ஒரு அங்குல ஊசியை நேர்குத்தாக இறக்க வேண்டும். சில இடங்களில் இன்னமும் "இடுப்பிலே போட்டுக்கோ, வலிக்காது" என்று சொல்கிறார்கள். அங்கே கொழுப்பு தடிமன், மருந்து தசைக்குப் போய்ச் சேராமல் கொழுப்பிலேயே தங்கிவிடும், எதிர்ப்பொருள் குறைவாகவே ஊறும். இடுப்பில் போட்ட டோஸைத் திரும்பக் கையில் போட வேண்டும் என்பதே விதி. உங்கள் முதல் இரண்டும் கையில்தானே போட்டார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று குளிர்சாதனப் பெட்டி. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறையவே கூடாது. புரதம் அலுமினிய உப்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உறைந்தால் அந்த உப்பு கட்டிகட்டியாகத் திரண்டு மருந்தின் வீரியம் போய்விடும், திரும்பக் கரைத்தாலும் வராது. வெயிலைவிட இதற்கு ஐஸ்தான் பெரிய எதிரி. பிரீசரை ஒட்டிய தட்டில் வைப்பது, ஐஸ் பேக்கில் நேராகக் குப்பியை அழுத்தி வைப்பது, இரண்டிலும் கெட்டுப்போகும். குப்பியின் மேல் ஒட்டிய வெப்பக் குறியீட்டில் நடுவில் உள்ள சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூடாகவில்லை என்று மட்டும்தான் தெரியும், உறைந்ததா என்று அது காட்டாது. அதற்குக் குலுக்கிப் பார்க்க வேண்டும்: நல்ல மருந்து குலுக்கியதும் ஒரே சீராகப் பால்போலக் கலங்கும். திரிதிரியாகத் தெரிந்தாலோ சீக்கிரம் அடியில் படிந்தாலோ வாங்காதீர்கள். போடுவதற்கு முன் "குப்பியைக் காட்டுங்கள், குலுக்குங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

போட்டதும் அட்டையில் தேதி, கம்பெனி, பேட்ச் எண், எந்தக் கை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஊசிக் குத்து ஏதாவது நேர்ந்தால் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

சீரம்_குழாய்

டைட்டர் பற்றி நான் சொல்கிறேன், அதில்தான் பெரும்பாலும் குழப்பம்.

மூன்றாவது டோஸ் போட்ட நாளிலிருந்து 1 முதல் 2 மாதத்துக்குள் ரத்தம் கொடுங்கள். அந்தச் சாளரம்தான் முக்கியம். லேபில் "ஹெபடைடிஸ் பி டெஸ்ட்" என்று பொதுவாகச் சொன்னால் எச்பிஎஸ்ஏஜி பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். அது வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. உங்களுக்கு வேண்டியது எதிர்ப்பொருளைப் பார்க்கும் ஆன்டி எச்பிஎஸ், அதுவும் எண்ணில் அளவு சொல்லும் டைட்டர். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று கோடு மட்டும் காட்டும் அட்டைச் சோதனை இதற்கு உதவாது. ரிப்போர்ட்டில் மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு. அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு ஒருமுறை 10-ஐத் தொட்டதாக ஆவணம் இருந்தால் போதும். பத்து வருடம் கழித்துப் பார்த்து அது 4 என்று வந்தாலும் பூஸ்டர் வேண்டாம். எதிர்ப்பொருள் குறைந்தாலும் நினைவு செல்கள் 30 ஆண்டுக்கு மேலும் காக்கின்றன. அதனால்தான் சாளரத்துக்குள் பார்க்கச் சொல்கிறேன். தாமதமாகப் பார்த்து 4 என்று வந்தால், ஏறி இறங்கியதா, ஏறவே இல்லையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

சரியான நேரத்தில் பார்த்தும் 10-க்குக் கீழ் என்றால், இன்னொரு டோஸ் போட்டு 1 முதல் 2 மாதத்தில் மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் மீதி இரண்டையும் போட்டு, மொத்தம் ஆறு டோஸ் ஆன பிறகு பாருங்கள். ஆறுக்குப் பிறகும் 10-க்குக் கீழ் என்றால் அதற்கு மேல் ஊசி போட்டுக்கொண்டே போவதில் பயனில்லை. எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி எச்பிசி (ஊசியால் அல்ல, தொற்றால் உருவாகும் எதிர்ப்பொருள்) இரண்டையும் பார்க்க வேண்டும், ஏற்கெனவே தொற்று இருப்பதாலும் டைட்டர் ஏறாமல் போகலாம். தொற்று இல்லை என்றால் தடுப்பூசிக்கு ஏறாத உடம்பு என்று எழுதி வைத்துக்கொண்டு, ஊசிக் குத்து நேர்ந்தால் இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்பொருள் ஊசி) போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், உடல் பருமன், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஏறாமல் போவது அதிகம். டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கணக்கே வேறு: 40 மைக்ரோகிராம் வீதம், எஞ்செரிக்ஸ் என்றால் 0, 1, 2, 6 மாதம் என நான்கு முறை, பிறகு ஆண்டுதோறும் டைட்டர், 10-க்குக் கீழ் இறங்கினால் பூஸ்டர்.

பயிற்சிக்குச் சேரும்போது எச்பிஎஸ்ஏஜி ரிப்போர்ட் கேட்பார்கள். முதலில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகு ஊசி போடுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். தடுப்பூசியில் இருப்பதே அந்த மேற்புறப் புரதம் என்பதால், போட்ட பிறகு 18 நாள் வரை சிலருக்கு எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் காட்டியிருக்கிறது. நோய் இல்லாமலே ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் வந்து, வீடு முழுக்கக் கலங்கிப்போகும்.

மாத்திரை_கணக்கு

கை வலிக்கு வருகிறேன். தசையில் மருந்து தேங்குவதாலும் அலுமினிய உப்பு அந்த இடத்தைத் தூண்டுவதாலும் வருவது அது, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். தேய்க்க வேண்டாம், தைலம் போட்டு நீவ வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். கையை ஆட்டாமல் கட்டி வைத்தால் வலி நீளும். தண்ணீர் குடம் தூக்க வேண்டாம், ஆனால் வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். அதிகம் எழுதாத கையில் போடச் சொல்வது நல்லது. பொறுக்க முடியாவிட்டால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று. வலி வருமோ என்று ஊசிக்கு முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

பட்டாணி அளவில் ஒரு கட்டி சில வாரம் நிற்பதுண்டு. அழுத்தாமல் விட்டால் தானே கரையும். சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

போட்ட உடனே எழுந்து வண்டியை எடுக்காதீர்கள், அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஒவ்வாமை அதிர்ச்சி பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில்தான், ஆனால் வந்தால் நிமிடங்களில் வரும், அப்போது அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு இந்த மூன்றில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். இளவயதில் ஊசியைக் கண்டு மயங்கி விழுவதும் உண்டு, காலை வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

பத்தியம் எதுவும் கிடையாது. மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடலாம், குளிக்கலாம். ஈஸ்டுக்கோ முந்தைய டோஸுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் மட்டும் போடக் கூடாது. லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம், நல்ல காய்ச்சல் அடித்தால் விட்ட பிறகு போடலாம். கர்ப்பிணிகளுக்கும் போடலாம், இதில் உயிருள்ள வைரஸ் இல்லை.

நெல்லை_அத்தை

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் மருமகளுக்கு ஏழாவது மாதம். எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. ஒரு தொந்தரவும் இல்லை, கண்ணும் மஞ்சளாக இல்லை. குழந்தைக்கு வராமல் தடுக்க என்ன செய்ய வேண்டும்? ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். கீழாநெல்லி கொடுத்தால் போய்விடும் என்று உறவில் ஒருவர் சொல்கிறார்.

பச்சிளம்_வார்டு

அம்மா, நேரம் இருக்கும்போதே கேட்டீர்கள். இதற்காக மட்டும் ஆபரேஷன் வேண்டாம். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தைக்குத் தொற்று முக்கியமாகப் பிரசவ நேரத்தில், தாயின் ரத்தத்தின் வழியாக வருகிறது. பெரியவர்களுக்கு வந்தால் 100-ல் 5 பேருக்கும் குறைவாகத்தான் அது நாள்பட்டுத் தங்குகிறது. பிறந்த குழந்தைக்கு வந்தால் 90 பேருக்குத் தங்கிவிடும், பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கமும் புற்றும் அதிலிருந்துதான். ஆகவே பிறந்த முதல் 12 மணி நேரம் தங்கம் போன்றது.

இப்போதே செய்ய வேண்டியது, மருமகளுக்கு வைரஸ் அளவைப் பார்ப்பது. மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் 28-வது வாரத்திலிருந்து வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை தினமும் கொடுப்பார்கள், குழந்தைக்கு வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஏழாவது மாதம் என்றால் அந்த வாரம் வந்துவிட்டது, அடுத்த பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம். 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்தச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

குழந்தை பிறந்ததும் இரண்டு ஊசி, இரண்டு வெவ்வேறு தொடையில். ஒன்று தடுப்பூசி, 0.5 மில்லி, இடது தொடையின் முன்பக்க ஓரம். மற்றது இம்யூனோகுளோபுலின், வலது தொடை. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. முதலாவது குழந்தையின் உடம்பைத் தானே எதிர்ப்பொருள் செய்யப் பழக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது தயாராக உள்ள எதிர்ப்பொருள், அந்த வாரங்களைக் காக்கும். இரண்டுமே 12 மணி நேரத்துக்குள். இம்யூனோகுளோபுலின் எங்கும் எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை, இரவில் பிரசவமானால் அலைய வேண்டிவரும். 36-வது வாரத்திலேயே பிரசவம் பார்க்கப்போகும் இடத்தில் "எச்பிஐஜி (அந்த இம்யூனோகுளோபுலின்) இருக்கிறதா" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கர்ப்ப அட்டையின் முன்பக்கத்தில் பாசிட்டிவ் என்று பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். எப்படியோ நேரம் தவறினாலும் விட்டுவிடாதீர்கள், இம்யூனோகுளோபுலினை 7 நாள் வரை போடலாம், தடுப்பூசியும் தாமதமானாலும் போட்டே ஆக வேண்டும்.

பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி, எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதுதான். அதிலேயே ஹெபடைடிஸ் பி சேர்ந்திருக்கிறது. 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு முதல் ஊசி கணக்கில் சேராது, ஆனால் பென்டா மூன்றும் போட்டுவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். 9 மாதம் முடிந்த பிறகு, ஒரு வயதுக்குள் குழந்தைக்கு எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி எச்பிஎஸ் இரண்டும் பாருங்கள். 9 மாதத்துக்கு முன் பார்த்தால் போட்ட இம்யூனோகுளோபுலினே டைட்டராகத் தெரிந்து ஏமாற்றிவிடும். ஆன்டி எச்பிசி வேண்டாம், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் நெடுநாள் அதில் காட்டும்.

பென்டா போட்ட அன்று காய்ச்சல் வரலாம். அதில் உள்ள கக்குவான் பகுதிதான் பெரும்பாலும் காரணம். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. 5 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் என்று வைத்தால் சொட்டு மருந்தில் 0.5 மில்லி, 125 சிரப்பில் 2 மில்லி. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு ஆகிவிடும். பாட்டிலைப் படித்துவிட்டு, டாக்டர் சொன்ன அளவையே கொடுங்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு 38 டிகிரிக்கு மேல் சுட்டால் அது ஊசியால் என்று எண்ணி வீட்டில் மருந்து கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

மகனுக்கும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் எச்பிஎஸ்ஏஜி பார்த்து, இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதம் ஊசி போட்டுவிடுங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது. ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். உலர்ந்த ரத்தத் துளியில்கூட இந்த வைரஸ் 7 நாள் உயிரோடு இருக்கும்.

சீரம்_குழாய்

கீழாநெல்லி பற்றி. அந்தப் பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. 1988-ல் சென்னையில் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. இந்த வைரஸைக் கண்டுபிடித்த புளூம்பெர்க்கும் அதில் ஒரு ஆசிரியர். பாதிக்கு மேற்பட்டோருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்ததாக அதில் இருந்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. தண்ணீரால் வரும் ஏ, ஈ வகை மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானே ஆறிவிடும், அதற்குக் கீழாநெல்லி குடித்துக் குணமானவர்கள் நிறைய இருப்பதால் எல்லாக் காமாலைக்கும் அதுவே மருந்து என்று ஆகிவிட்டது. மருமகளுக்கு இருப்பது அந்த வகை இல்லை. அதை நம்பி வைரஸ் அளவுப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் டெனோஃபோவிர் தொடங்கும் நேரம் கடந்துவிடும்.

லேப்_மாணவன்

எல்லாருக்கும் நன்றி. நாளை காலை ரத்தம் கொடுத்துவிட்டு மூன்றாவது போட்டுக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: டைட்டர் பார்ப்பதற்கு முன்பே பயிற்சியில் ஊசி குத்திவிட்டால்?

தடுப்பூசி_செவிலி

உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ரத்தத்தைப் பிதுக்கி எடுக்காதீர்கள், ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீரால் அலசுங்கள். அந்த நேரத்திலேயே பொறுப்பாளரிடம் சொல்லி நேரத்தோடு பதிவு செய்யுங்கள். யாருடைய ரத்தம் என்று தெரிந்தால் அவருக்கு எச்பிஎஸ்ஏஜி பார்ப்பார்கள், எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் சேர்த்து. உங்கள் ரத்தமும் அன்றே எடுக்கப்படும், ஆன்டி எச்பிஎஸ் டைட்டரையும் அதிலேயே பார்க்கச் சொல்லுங்கள். 10-க்கு மேல் இருந்தால் ஹெபடைடிஸ் பிக்கு வேறொன்றும் வேண்டாம். குறைவாக இருந்து, அந்த நோயாளி பாசிட்டிவ் என்றால் இம்யூனோகுளோபுலின், எடைக்கு கிலோவுக்கு 0.06 மில்லி, 60 கிலோவுக்கு 3.6 மில்லி. கம்பெனிக்குக் கம்பெனி செறிவு மாறும் என்பதால் பாட்டிலில் உள்ள யூனிட் கணக்கையும் சரிபார்த்துத்தான் போடுவார்கள். 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, 7 நாளைத் தாண்டக் கூடாது. அதோடு சேர்த்து ஒரு டோஸ் தடுப்பூசியும் வேறு இடத்தில் போடுவார்கள். இம்யூனோகுளோபுலின் போட்டால் டைட்டர் பார்ப்பதை 6 மாதம் தள்ளிவையுங்கள்.

பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். பல குத்துகள் அந்த நொடியில்தான் நடக்கின்றன.